உடைத்துக்கொண்டே வாழும் செல்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாம், செல் தன்னைத் தானே எப்படி ஒரு கட்டுக்குள் வைத்துக்கொள்கிறது என்பதைச் சுற்றியவை. ஆய்வக மேசையில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்களுக்கு அளவுகளோடு பதில் சொல்லியிருக்கிறோம். மற்றவர்கள் அந்த எண்களைத் தாண்டிப் போகலாம்.

கே: ஒரு புரதத்தைப் பாடுபட்டுச் செய்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் செல் அதை அழித்துவிடுகிறது என்று படித்தேன். இதைவிட வீண்செலவு உண்டா?

ப: செலவுதான், அதில் சந்தேகமில்லை. நீங்கள் படித்தது, ஆக்சிஜன் குறைவைச் செல்லுக்கு உணர்த்தும் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். அதில் 826 அமினோ அமிலங்கள். ஒன்றோடு ஒன்றைக் கோக்க, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஏறக்குறைய நான்குக்குச் சமமான ஆற்றல் வேண்டும். ஆக, ஒரே ஒரு மூலக்கூறுக்கு 3,300 ஏடிபி. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போது இந்தப் புரதத்தின் அரை ஆயுள் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. செய்வது, உடைப்பது, மறுபடி செய்வது என்று ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு தொட்டிக்கு மேலே குழாய் திறந்திருக்கிறது, அடியில் ஓட்டை இருக்கிறது. நீர்மட்டம் எங்கே நிற்கும் என்பதைக் குழாயும் ஓட்டையும் சேர்ந்துதான் முடிவு செய்யும். ஆனால் குழாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தால் புது மட்டத்துக்கு எவ்வளவு சீக்கிரம் ஏறும்? அது ஓட்டையின் கையில் மட்டும்தான் இருக்கிறது. புரதமும் அப்படியே. உற்பத்தியை இரட்டிப்பாக்கினால், ஒரு அரை ஆயுள் கழிந்ததும் பாதித் தூரம் வந்திருக்கும். ஐந்து அரை ஆயுளில் 97 சதவீதம் வந்துவிடும். ஐந்து நிமிட அரை ஆயுள் கொண்ட புரதத்துக்கு இது 25 நிமிட வேலை. இருபது மணி நேர அரை ஆயுள் கொண்ட புரதத்துக்கு 100 மணி நேரம், அதாவது நான்கு நாளுக்கும் மேல். மூச்சுத் திணறும் செல்லால் நான்கு நாள் பொறுக்க முடியாது. சட்டென்று மாறவேண்டிய புரதங்களுக்கெல்லாம் ஆயுள் குறைவாக இருப்பது இதனால்தான். அந்த 3,300 ஏடிபியும் வேகத்துக்குக் கொடுக்கும் விலை.

ஹிஃப் விஷயத்தில் செல் பெரும்பாலும் குழாயைத் தொடுவதே இல்லை, ஓட்டையை அடைத்துவிடுகிறது. பிஎச்டி என்ற நொதி இந்தப் புரதத்தின் 402, 564 ஆகிய இரு இடங்களில் உள்ள புரோலினில் ஆக்சிஜனை ஏற்றிக் குறி வைக்கும். அந்தக் குறியை விஎச்எல் என்ற புரதம் அடையாளம் கண்டுகொள்ளும். உடனே யூபிக்விடின் என்ற 76 அமினோ அமிலச் சிறு புரதங்கள் சங்கிலியாக ஒட்டப்பட்டு, சரக்கு நேராகப் புரோட்டியசோம் என்ற அரவை இயந்திரத்துக்குப் போய்விடும். குறி வைக்கும் நொதிக்கு ஆக்சிஜன், இரும்பு, 2-ஆக்சோகுளுட்டரேட் மூன்றும் வேண்டும். இரும்பைச் சரியான நிலையில் வைத்திருக்க வைட்டமின் சி கைகொடுக்கும். ஆக்சிஜன் குறைந்தால் குறி விழாது. அழிவு நிற்கும். அளவு மளமளவென்று ஏறி, ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொய்ட்டின் போன்றவற்றின் மரபணுக்கள் முடுக்கப்படும்.

இதில் ரசிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்த நொதி ஆக்சிஜனை அவ்வளவு இறுகப் பிடிப்பதில்லை. உடல் திசுக்களில் இருக்கும் ஆக்சிஜன் அளவு அதை ஒருபோதும் நிறைவடையச் செய்யாது. எனவே ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலும் நொதியின் வேகம் அதே விகிதத்தில் குறையும். இறுகப் பிடிக்கும் நொதியாக இருந்திருந்தால் நிலைமை முற்றிப்போகும்வரை அதற்கு எதுவுமே தெரிந்திருக்காது. இந்த வழியைக் கண்டறிந்ததற்காக கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது. பிஎச்டியைத் தடுக்கும் ராக்ஸடுஸ்டாட் போன்ற மாத்திரைகள் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்குப் பயன்படுகின்றன.

கே: செல்களை 1 சதவீத ஆக்சிஜனில் ஆறு மணி நேரம் வைத்தேன். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் முறை) ஹிஃப்-1 ஆல்ஃபா பட்டையே வரவில்லை. ஆன்டிபாடி மோசமா?

ப: ஆன்டிபாடி மேல் பழி போடும் முன், செல் வளரும் தட்டை ஆக்சிஜன் குறைத்த அறையிலிருந்து எடுத்த கணத்திலிருந்து செல்லை உடைத்த கணம் வரை எத்தனை நிமிடம் ஆனது என்று பாருங்கள். வெளிக்காற்று பட்டதும் பிஎச்டி வேலையைத் தொடங்கிவிடும். டிரிப்சின் நொதி போட்டுச் செல்லைப் பெயர்த்து, கழுவி, சுழற்றி எடுப்பதற்குள் நான்கு அரை ஆயுள் போயிருக்கும். மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. டிரிப்சினே வேண்டாம். முடிந்தால் அறைக்குள்ளேயே உடையுங்கள். முடியாவிட்டால் தட்டை எடுத்தவுடன் பனிக்கட்டி மேல் வைத்து, வளர்ப்பு ஊடகத்தை உறிஞ்சி, செல்லைக் கரைக்கும் சூடான எஸ்டிஎஸ் சோப்புக் கரைசலை நேரடியாகத் தட்டில் ஊற்றிச் சுரண்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு தட்டு. ஆறு தட்டையும் வெளியே எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டு வேலை பார்த்தால், ஆறாவது தட்டு சாதாரணக் காற்றில் வளர்ந்ததைப் போலத்தான் இருக்கும்.

ஊடகத்தையும் கவனியுங்கள். அறைக்குள் 1 சதவீதம் என்று மானி காட்டும். ஆனால் நீங்கள் ஊற்றிய ஊடகத்தில் கரைந்த ஆக்சிஜன் வெளியேறச் சில மணி நேரம் ஆகும். ஊடகத்தை முந்தின இரவே அறைக்குள் திறந்து வைத்துவிட்டு, மறுநாள் அதைப் பயன்படுத்துங்கள்.

கட்டாயம் வேண்டிய ஒப்பீடு: சாதாரண ஆக்சிஜனில், 100 முதல் 150 மைக்ரோமோலார் கோபால்ட் குளோரைடு, நான்கு முதல் ஆறு மணி நேரம். கோபால்ட் பிஎச்டியின் வேலையைக் கெடுத்துவிடுவதால் காற்றில் எடுத்தாலும் புரதம் அவ்வளவு வேகமாக அழியாது. இதில் பட்டை வந்து, உங்கள் மாதிரியில் வராவிட்டால் ஆன்டிபாடி நல்லதுதான், கைவேகம்தான் போதவில்லை. பட்டையை 93 கிலோடால்டனில் தேடாதீர்கள். கணக்குப்படி அது அங்கே இருக்கவேண்டும், ஆனால் ஜெல்லில் 110 – 120 அருகேதான் நிற்கும்.

கே: பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் ஆட்டோஃபேஜி தொடங்கி, உடல் தன் குப்பையைத் தானே தின்றுவிடும், இதற்குத்தான் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று ஒரு செய்தி சுற்றுகிறதே?

ப: மூன்று பொய்யும் ஒரு மெய்யும் கலந்த செய்தி.

மெய்யை முதலில் சொல்லிவிடுவோம். பட்டினி கிடக்கும் செல் தன் சரக்கையே ஒரு இரட்டைச் சவ்வுப் பைக்குள் சுருட்டி, லைசோசோம் என்ற அமிலம் நிறைந்த செரிமான உறுப்பில் கொட்டிச் செரித்து, கிடைக்கும் அமினோ அமிலங்களை மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. அது உண்மை. ஆட்டோஃபேஜி என்ற பெயரை 1963இலேயே கிறிஸ்டியன் தெ துவ் வைத்துவிட்டார்.

ஆனால் இது பதினாறாவது மணியில் 'தொடங்கும்' வேலையல்ல. வயிறு நிறைந்திருக்கும்போதும் குறைந்த அளவில் நடந்துகொண்டேதான் இருக்கிறது. மூளை நரம்பணுக்களில் இதை நிறுத்திவிட்டால், நன்றாகச் சாப்பிடும் எலிகூட நரம்புச் சிதைவுக்கு ஆளாகிறது. அடுத்து, 2016 நோபல் யோஷினோரி ஓசுமிக்குக் கிடைத்தது உண்ணாவிரதத்துக்காக இல்லை. செரிப்பு நொதிகள் இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினி போட்டால் அதன் குமிழிக்குள் சிறு உருண்டைகள் குவிவதை அவர் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பார்த்தார். உருண்டை குவியாத ஈஸ்ட்டுகளைத் தேடிப் பிடித்து, 1993இல் பதினைந்து மரபணுக்களை அடையாளம் காட்டினார். பரிசு அதற்கு. மூன்றாவதாக, எலியின் கணக்கை மனிதனுக்கு அப்படியே போடக்கூடாது. 24 மணி நேரப் பட்டினியில் எலியின் கல்லீரலில் ஆட்டோஃபேஜி கூடுவது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ஒரு நாள் பட்டினி கிடந்தால் எலி தன் எடையில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழந்துவிடும். மனிதனின் ஒரு நாள் பட்டினிக்கு அது ஈடாகாது. உயிரோடிருக்கும் மனிதரின் கல்லீரலிலோ மூளையிலோ ஆட்டோஃபேஜியின் வேகத்தை அளக்கும் எளிய பரிசோதனை எதுவும் மருத்துவமனைகளில் இல்லை. அளக்க முடியாத ஒன்றுக்கு மணிக்கணக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

உண்ணாமல் இருப்பதால் எடை குறைவது வேறு விஷயம். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடவேண்டாம். இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் நீண்ட நேரம் பட்டினி கிடக்கக்கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

கே: எங்கள் மூலிகைச் சாறு கொடுத்த செல்களில் எல்சி3-2 பட்டை மூன்று மடங்கு கூடியிருக்கிறது. 'ஆட்டோஃபேஜியைத் தூண்டுகிறது' என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

ப: இப்போதைக்கு எழுதாதீர்கள். இந்தத் துறையில் அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

எல்சி3 என்ற புரதம் சாதாரணமாகச் செல்சாற்றில் கரைந்திருக்கும், அது எல்சி3-1. ஆட்டோஃபேஜிப் பை உருவாகும்போது பாஸ்பாட்டிடைல் எத்தனோலமைன் என்ற கொழுப்பு அதில் ஒட்டி, பையின் சவ்வில் பதிந்துகொள்ளும், அது எல்சி3-2. பை லைசோசோமோடு சேர்ந்ததும் உள்பக்கம் இருக்கும் எல்சி3-2 செரிமானமாகிவிடும். இப்போது முதல் கேள்வியில் சொன்ன தொட்டியை நினைத்துப் பாருங்கள். மட்டம் உயர்ந்திருக்கிறது என்றால் குழாய் திறந்திருக்கலாம். ஓட்டை அடைத்தும் இருக்கலாம். உங்கள் சாறு லைசோசோமின் அமிலத்தன்மையைக் கெடுத்திருந்தால், ஆட்டோஃபேஜி நின்றேபோயிருக்கும். அப்போதும் பட்டை மூன்று மடங்கு கூடும்.

பிரித்துப் பார்க்க நேரடி வழி, ஓட்டையை நாமே முழுதாக அடைத்துவிட்டு எவ்வளவு தேங்குகிறது என்று பார்ப்பது. லைசோசோம் அமிலமாவதைத் தடுக்கும் பாஃபிலோமைசின் ஏ1, 100 நானோமோலார், செல் அறுவடைக்கு முந்தைய இரண்டு முதல் நான்கு மணி நேரம். செல் தட்டில் நான்கு கிணறுகள் (குழிகள்) வேண்டும்: எதுவும் கொடுக்காதது, பாஃபிலோமைசின் மட்டும், சாறு மட்டும், இரண்டும். புரிவதற்காக எண்களைக் கற்பனையாக வைப்போம். சாறில்லாமல் 10, பாஃபிலோமைசினோடு 40 என்றால் அந்த நேரத்துக்குள் கடந்துபோன சரக்கு, அதாவது பாய்வு, 30. சாறு கொடுத்ததில் 25, இரண்டும் கொடுத்ததில் 70 என்றால் வித்தியாசம் 45, பாய்வு கூடியிருக்கிறது. அதுவே சாறு கொடுத்ததில் 35, இரண்டும் கொடுத்ததில் 40 என்றால் வித்தியாசம் வெறும் 5. சாறு கடைசிக் கட்டத்தைத் தடுத்திருக்கிறது. இரண்டு கணக்கின் 'சாறு மட்டும்' பட்டைகளையும் ஒப்பிட்டால், பாய்வு தடைபட்ட இரண்டாவதில்தான் (25க்கு எதிராக 35) பட்டை கண்ணுக்கு அதிகக் கருப்பாகத் தெரியும் என்பதைக் கவனியுங்கள்.

பாஃபிலோமைசினை இரவு முழுக்க விட்டுவிடுவது இன்னொரு பிழை. செல் சாகத் தொடங்கும், அமினோ அமில உணர்வையும் அது குழப்பும். கிடைக்கும் எண் எதற்கும் உதவாது. அளவு குறைவாக இருந்தால் ஓட்டை பாதிதான் அடைபடும். எனவே ஒருமுறை 50, 100, 200 நானோமோலார் வைத்துப் பார்த்து, எதற்கு மேல் பட்டை கூடவில்லையோ அந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஜெல். எல்சி3-2 கொழுப்பைச் சுமப்பதால் எடை கூடியிருந்தும் வேகமாக ஓடும். கீழே 14 – 16 கிலோடால்டனில் நிற்பது அதுதான். இரண்டையும் மாற்றிப் பெயரிட்ட படங்கள் நிறைய உண்டு. 12 முதல் 15 சதவீத ஜெல் எடுங்கள். ஜெல்லிலிருந்து புரதத்தை மாற்றும் சவ்வு 0.2 மைக்ரான் துளையுள்ள பிவிடிஎஃப், 0.45 மைக்ரானில் இவ்வளவு சிறிய புரதம் மறுபக்கம் நழுவிவிடும். மாதிரியை உறைய வைத்து உருக்கி மறுபடி உறைய வைத்தால் எல்சி3-1 சிதைந்துபோகும். அதனால்தான் எல்சி3-2ஐ எல்சி3-1ஆல் வகுத்து எழுதவேண்டாம் என்கிறோம். பல ஆன்டிபாடிகள் இரண்டையும் ஒரே அளவில் பிடிப்பதும் இல்லை. அதிகம் மாறாமல் இருக்கும் ஆக்டின் அல்லது டியூபுலின் புரதத்தின் அளவால் வகுங்கள்.

ஆட்டோஃபேஜியில் சரக்கோடு சேர்ந்து செரிக்கப்படும் பி62 என்ற புரதம் குறைந்தால் ஆட்டோஃபேஜி கூடிவிட்டது என்று எழுதுவோரும் உண்டு. பி62 செரிக்கப்படுவது உண்மை. ஆனால் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் அதன் மரபணு முடுக்கப்பட்டு உற்பத்தியும் கூடும், மூலிகைச் சாறுகளில் இந்த விளைவு சர்வசாதாரணம். ஆர்என்ஏ அளவையும் சேர்த்துப் பார்க்காமல் பி62ஐ நம்பாதீர்கள்.

நுண்ணோக்கி வசதி இருந்தால் சிவப்பு – பச்சை இரட்டைக் குறி வைத்த எல்சி3 நல்ல துணை. பச்சை ஒளிர்வு அமிலத்தில் அணையும், சிவப்பு அணையாது. மஞ்சள் புள்ளி என்றால் இன்னும் லைசோசோம் சேராத பை, சிவப்பு மட்டும் என்றால் சேர்ந்துவிட்டது. செல்லை நிலைப்படுத்தி நடுநிலைக் கரைசலில் ஊறவிட்டால் அமிலத்தன்மை போய், அணைந்த பச்சை மறுபடி எரியும். உயிரோடு படம் எடுப்பதே உத்தமம். எல்சி3ஐ அளவுக்கு மீறி உற்பத்தி செய்தால் அது சும்மாவே திரண்டு புள்ளியாகும் என்பதால், கொழுப்பு ஒட்ட முடியாத ஜி120ஏ திரிபையும் பக்கத்தில் ஒரு கிணற்றில் வையுங்கள். அதிலும் புள்ளி வந்தால் நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பது பைகளை இல்லை.

கே: குளுக்கோஸ் குறைந்தால் ஏஎம்பிகே என்ற நொதி யுஎல்கே1 என்ற இன்னொரு நொதியைத் தட்டி எழுப்பி ஆட்டோஃபேஜியைத் தொடங்கி வைக்கும் என்றுதான் வகுப்பில் நடத்துகிறேன். அது தவறு என்கிறார்களே?

ப: 2011இல் வந்த விளக்கம் அது, பாடப்புத்தகங்களில் வேரூன்றிவிட்டது. 2023இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியான ஆய்வு இதை ஏறக்குறையத் தலைகீழாக்கியது. ஆற்றல் தட்டுப்பாட்டில் ஏஎம்பிகே யுஎல்கே1ஐ அடக்குகிறது. அதே சமயம் ஆட்டோஃபேஜிக்கான கருவிகள் அழிந்துவிடாமல் காப்பாற்றியும் வைக்கிறது. யோசித்தால் நியாயமாகவே படும். பை கட்டவும் லைசோசோமை அமிலமாக வைத்திருக்கவும் ஏடிபி வேண்டும். கையில் காசில்லாத நேரத்தில் வீட்டை இடித்துக் கட்ட யாரும் இறங்குவதில்லை.

அமினோ அமிலப் பட்டினி வேறு கதை. லைசோசோமின் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கும் எம்டார் என்ற புரதத் தொகுதி, லியூசின் என்ற அமினோ அமிலத்தை செஸ்ட்ரின்2 என்ற புரதம் மூலமும் ஆர்ஜினின் என்பதை காஸ்டர்1 என்ற புரதம் மூலமும் மோப்பம் பிடிக்கிறது. இரண்டும் குறைந்தால் எம்டார் அடங்கும், யுஎல்கே1 மீதிருந்த பிடி தளரும், ஆட்டோஃபேஜி கிளம்பும். இந்தப் பகுதி உறுதியாக நிற்கிறது. ஆய்வகங்களில் 'பட்டினி' என்று ஊற்றும் ஈபிஎஸ்எஸ் கரைசலில் லிட்டருக்கு 1 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. அது அமினோ அமிலப் பட்டினி மட்டுமே. இரண்டு பட்டினியையும் ஒரே சொல்லால் சொன்னதுதான் இத்தனை குழப்பத்துக்கும் பாதிக் காரணம். வகுப்பில் எம்டார் அம்பை அழுத்தமாகப் போடுங்கள், ஏஎம்பிகே அம்பின் மேல் ஒரு கேள்விக்குறி வையுங்கள்.

கே: பி53 புற்றுநோயைத் தடுக்கும் புரதம் என்றால் செல் ஏன் அதை எப்போதும் நிறைய வைத்திருப்பதில்லை?

ப: வைத்திருந்தால் செல் பிழைக்காது. எம்டிஎம்2 என்ற புரதம் பி53ஐப் பிடித்து யூபிக்விடின் ஒட்டி ஓயாமல் அழித்துக்கொண்டிருக்கிறது. எம்டிஎம்2 மரபணு இல்லாத எலி கருவிலேயே இறந்துவிடும். ஆனால் பி53 மரபணுவையும் சேர்த்து நீக்கினால் அந்த எலி பிறந்து வளர்கிறது. 1995இல் வந்த இந்த முடிவைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

எம்டிஎம்2வை உற்பத்தி செய்யச் சொல்வதே பி53தான் என்பது இதில் இன்னொரு சுவாரஸ்யம். தன் எமனைத் தானே பெற்றெடுக்கிறது. கதிர்வீச்சால் டிஎன்ஏ அறுந்த ஒரு செல்லைத் தனியாகத் தொடர்ந்து படம் எடுத்தால் பி53 ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்துக்கு ஒருமுறை துடிப்பது தெரியும். ஆயிரக்கணக்கான செல்களை ஒன்றாகக் கரைத்து வெஸ்டர்ன் பிளாட் எடுத்தால் துடிப்புகள் ஒன்றையொன்று மறைத்து, மெல்லத் தேய்ந்து அடங்கும் அலைபோலத்தான் காட்டும். நான்கு மணி நேரத்தில் ஒன்று, 24 மணி நேரத்தில் ஒன்று என இரண்டே மாதிரி எடுத்து 'பி53 குறைந்தது' என்று எழுதுவோர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

கே: மூப்படைந்த செல்லைக் காட்டும் பீட்டா-கேலக்டோசிடேஸ் சாயத்தில் எங்களுக்கு எல்லாச் செல்லுமே நீலமாகிறது.

ப: பிஎச் அளவை மறுபடி பாருங்கள். இந்த நொதி எல்லாச் செல்லின் லைசோசோமிலும் இருக்கிறது. பிஎச் 4இல் எல்லாமே நீலம்தான். 6.0இல் நொதி மந்தமாகிவிடுவதால், லைசோசோம் பெருத்துக் கிடக்கும் முதிய செல் மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி சாயமேறும். உங்கள் தட்டை 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு உள்ள இன்குபேட்டரில் வைத்திருந்தால் வாயு கரைந்து கரைசல் அமிலமாகியிருக்கும். 37 டிகிரி, வாயு இல்லாத இன்குபேட்டர், தட்டின் ஓரத்தைச் சுற்றி ஒட்டி ஆவியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரைசல்: 40 மில்லிமோலார் சிட்ரிக் அமிலம் – பாஸ்பேட், பிஎச் 6.0, எக்ஸ்-கேல் மில்லிக்கு 1 மில்லிகிராம், பொட்டாசியம் ஃபெரோசயனைடும் ஃபெரிசயனைடும் தலா 5 மில்லிமோலார், உப்பு 150, மக்னீசியம் குளோரைடு 2 மில்லிமோலார். எல்லாம் சேர்த்த பிறகு பிஎச்சை மறுபடி அளக்கவேண்டும். நிலைப்படுத்துவது 2 சதவீத ஃபார்மால்டிஹைடும் 0.2 சதவீத குளுட்டரால்டிஹைடும், மூன்று முதல் ஐந்து நிமிடம். கூடினால் நொதியே செத்துவிடும்.

தட்டு நிரம்பி நெருக்கியடித்து நிற்கும் இளம் செல்லும் நீலமாகும். பாதி நிரம்பிய தட்டில் செய்யுங்கள். நீலம் மட்டும் போதாது. செல் பிரிவதை நிறுத்தும் பி16 அல்லது பி21 புரதத்தின் உயர்வு, கருவுறைப் புரதமான லாமின் பி1 குறைவு, டிஎன்ஏ நகலெடுப்பு நின்றிருப்பது, இவற்றில் குறைந்தது இரண்டு கூடவே வரவேண்டும்.

கே: சவ்வே இல்லாத துளிகளாகச் செல் தன் புரதங்களைத் திரட்டி வைக்கிறது என்கிறார்கள். ஹெக்ஸேன்டயால் என்ற ஆல்கஹால் ஊற்றிக் கரைந்தால் அது துளி என்று உறுதியா?

ப: இல்லை. 2009இல் வட்டப்புழுவின் கருவில் பி-துகள்கள் என்ற ஆர்என்ஏ – புரதத் திரள்கள் எண்ணெய்த் துளிபோல ஒன்றுசேர்ந்து சொட்டுவதைப் பிராங்வின், ஹைமன் குழு காட்டிய பிறகு இந்தத் துறை வெள்ளமாகப் பெருகியது. அதனோடு குப்பையும் வந்தது. 1,6-ஹெக்ஸேன்டயாலை வழக்கம்போல 5 – 10 சதவீதம் ஊற்றினால் கைனேஸ், பாஸ்பட்டேஸ் நொதிகளே முடங்கிப்போகின்றன. துளி கரைந்தது எதனால் என்று யார் சொல்வது? அதைவிடப் பெரிய சிக்கல் அளவு. பல மடங்கு அதிகமாக உற்பத்தி செய்தால் கிட்டத்தட்ட எந்த ஒட்டும் புரதமும் திரளும். மரபணுவின் சொந்த இடத்திலேயே ஒளிரும் குறியைச் செருகி, இயல்பான அளவில் திரள்கிறதா என்று பாருங்கள். திரளவிடாத திரிபு ஒன்றைச் செய்து, அதனால் செல்லின் வேலை கெடுகிறதா என்றும் பாருங்கள். அதுவரை 'புள்ளி' என்றே எழுதுங்கள்.

கே: தாலிடோமைடு மாதிரி, புரதத்தை அழிக்கவைக்கும் மருந்துகளைப் பற்றிச் சொல்லுங்கள். எங்கள் மூலக்கூறு குறைந்த அளவில் வேலை செய்கிறது, அதிக அளவில் செய்வதில்லை.

ப: அப்படித்தான் ஆகவேண்டும். இந்த மருந்துகளில் ஒரு வகைக்கு இரண்டு கை. ஒரு கை அழிக்கவேண்டிய புரதத்தையும் மறு கை யூபிக்விடின் ஒட்டும் நொதியையும் பிடித்து, இரண்டையும் அருகருகே நிறுத்தும். புரோடாக் என்ற பெயரில் 2001இல் முதலில் செய்து காட்டப்பட்டது. மருந்து அளவுக்கு மீறினால் ஒவ்வொரு புரதமும் தனித்தனி மருந்து மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். அளவு – விளைவு வரைபடம் கொக்கிபோல வளையும். 10 மைக்ரோமோலாரில் மட்டும் சோதித்துவிட்டு நல்ல மூலக்கூறைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்; 1 நானோமோலாரில் தொடங்கிப் பத்துப் பத்து மடங்காக ஏறுங்கள்.

புரதம் குறைந்தது அழிவால்தான் என்று காட்ட, புரோட்டியசோமைத் தடுக்கும் எம்ஜி132ஐ 10 மைக்ரோமோலார் அளவில் முன்கூட்டியே கொடுத்து நான்கு மணி நேரத்துக்குள் பாருங்கள், புரதம் மீளவேண்டும். எம்ஜி132 வேறு சில புரத வெட்டு நொதிகளையும் தடுக்கும் என்பதால், யூபிக்விடின் ஒட்டும் 'கல்லின்' (cullin) என்ற வகை நொதிகளை முடக்கும் எம்எல்என்4924, 1 மைக்ரோமோலார் வைத்து இன்னொரு கிணறும் வேண்டும். ஆர்என்ஏ குறையவில்லை என்றும் காட்டவேண்டும்.

தாலிடோமைடு வகை இன்னும் எளிமையானது. அது யூபிக்விடின் ஒட்டும் நொதியின் பகுதியான செரெப்லான் என்ற புரதத்தில் ஒட்டுகிறது என்பது 2010இல் தெரிந்தது. ஒட்டியதும் செரெப்லானின் முகம் மாறி, வழக்கமாகத் தொடாத புரதங்களைப் பிடிக்கத் தொடங்கும். இதே வகையைச் சேர்ந்த லெனலிடோமைடு, மயலோமா என்ற ரத்தப் புற்றுநோய்ச் செல்களில் இகாரோஸ், அயோலோஸ் என்ற இரண்டு புரதங்களைத் தீர்த்துக்கட்டுகிறது என்பது 2014இல் வந்தது.

எலி செல்லில் சோதிக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று: மனித செரெப்லானில் 388ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, எலியில் அதற்கு நேரான 391ஆம் இடத்தில் ஐசோலியூசின். ஒரு மெத்தில் தொகுதி கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒன்று இடித்துக்கொண்டு நிற்பதால் எலி செல்லில் லெனலிடோமைடு இகாரோஸை அழிப்பதில்லை. மருந்து ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், சரக்கு உள்ளே வராது. மனித செல் வரிசையையோ, அந்த இடத்தை வேலினாக மாற்றிய எலியையோ எடுத்துக்கொள்ளுங்கள்.